உங்களுக்குத் தெரியுமா? கல்வராயன் காற்று, கள்ளக்குறிச்சிக் கொசு!

டெங்குக் கொசு எங்கே பிறக்கிறது? சாக்கடையில் என்று பதில் சொன்னால் உங்களுக்கு மார்க் பூஜ்யம்! சாக்கடைப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே அபூர்வம். குடிக்க, குளிக்க என்று நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி!

கிரைண்டர் வந்ததும் கள்ளக்குறிச்சி வீடுகளில் ஆட்டுக்கல் என்ன ஆனது? கொல்லைக்குப் போனது! ஒரு மழை போதும், குழி நிரம்பிவிடும். ஐந்தாம் நாள் போய்க் குனிந்து பாருங்கள். தலை கீழே, வால் மேலே என்று சின்னச் சின்னப் புழுக்கள் தொங்கிக்கொண்டிருக்கும். வால் பக்கத்துக் குழாயால்தான் அவற்றுக்கு மூச்சு! இப்போது உங்கள் கையின் நிழல் தண்ணீரில் விழட்டும். அத்தனையும் நெளிந்து நெளிந்து அடியில் போய்ப் பதுங்கிவிடும்! அசையாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சுக்காக ஒவ்வொன்றாய் மேலே வரும். டிக்கெட் இல்லாத காட்சி, அதுவும் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே!

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக எத்தனை நாள்? நம்ம ஊர் வெயிலுக்கு ஏழிலிருந்து பத்தே நாள்! வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்யுங்கள் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் தொண்டை வற்றக் கத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்!

தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்ததா? முடியவில்லை! முட்டை தண்ணீரில் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! இடும்போது வெள்ளை, சில மணி நேரத்தில் கறுப்பு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது. பிளீச்சிங் பவுடர் போட்டு, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும்!

தேய்க்காமல் விட்டால்? காய்ந்த முட்டை ஆறு மாதம் கூட உயிரோடு காத்திருக்கும்! சித்திரையில் காலியான டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய முட்டை ஐப்பசி மழையில் பொரியும். இத்தனைக்கும் அதை இட்ட தாய்க் கொசுவின் ஆயுள் சில வாரங்கள்தான்!

ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை. ஆனால் அத்தனையையும் ஒரே இடத்தில் போட அது என்ன ஏமாளியா? ஆட்டுக்கல்லில் கொஞ்சம், கொட்டாங்குச்சியில் கொஞ்சம், பக்கத்து வீட்டு டயரில் கொஞ்சம் என்று பிரித்துப் பிரித்துப் போடும்! நீங்கள் ஒன்றைக் கவிழ்த்தாலும் மற்றது தப்பிக்கும். என்னைக் கேட்டால், சேமிப்பை எப்படிப் பிரித்து வைக்க வேண்டும் என்பதை இதனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்!

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு பாட்டில் மூடி அளவு போதும்!

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருப்பது உங்களுக்குத் தெரியுமா? பலருக்குத் தெரியாது, கொசுவுக்குத் தெரியும்! உறைபனி உருகி வடியும் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. கொஞ்சம் சூடு, கொஞ்சம் இருட்டு, யாரும் தொடாத இடம். வேறென்ன வேண்டும்?

மழை பெய்தால் டெங்கு வரும். சரி, மழையே பெய்யாவிட்டால்? அப்போதும் வரும்! குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வரும் தெருவில் குடம், அண்டா, டிரம், சிமெண்ட் தொட்டி என்று வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கும். மேலே வானம் வறண்டிருக்கும், உள்ளே கொசு வளர்ந்துகொண்டிருக்கும்!

இந்தக் கொசு எவ்வளவு தூரம் பறக்கும்? பெரும்பாலும் 100, 200 மீட்டர்தான்! கச்சிராப்பாளையத்துக் கொசு கள்ளக்குறிச்சிக்குப் பறந்து வந்து உங்களைக் கடிக்காது. உங்களைக் கடித்தது உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ பிறந்தது! யாரைத் திட்டுவது என்று இப்போது தெரிகிறதா?

அப்படியானால் நோய் எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது? பஸ்ஸில்! டிக்கெட் எடுத்துக்கொண்டு போவது கொசு இல்லை, நாம்! ரத்தத்தில் வைரஸோடு ஒருவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி வெள்ளிமலையில் இறங்கினால் போதும். அங்கே இருக்கும் கொசு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்!

அவருக்குக் காய்ச்சலே இல்லையென்றால் பயமில்லைதானே? இருக்கிறது! காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவர் உடம்பிலிருந்து கொசுவுக்கு வைரஸ் தொற்றலாம்!

இன்னும் ஒன்று. டெங்கு தொற்றிய நாலு பேரில் மூன்று பேருக்குக் காய்ச்சல், வலி எதுவுமே பெரிதாகத் தெரியாது! 2013-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த கணக்குப்படி உலகத்தில் ஆண்டுக்கு 39 கோடித் தொற்று. அதில் நோயாக வெளியே தெரிவது 9 கோடியே 60 லட்சம்தான்!

ராத்திரி கொசுவலை கட்டிப் படுக்கிறீர்களா? நல்லது. ஆனால் இந்தக் கொசு பகல் ஷிஃப்ட்! விடிந்த பின் சில மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரம், இதுதான் அதன் வேட்டை நேரம். பள்ளிக்கூடத்தில் காலை மணி அடிக்கும்போது அங்கேயும் வேலை மும்முரம்!

கடிப்பது பெண் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது குத்துவது ஒரே ஊசியால் இல்லை, ஆறு ஊசிகளால் என்பது தெரியுமா? இரண்டு அறுக்கும். இரண்டு தோலை விலக்கிப் பிடிக்கும். ஒன்று எச்சிலை இறக்கும். ஆறாவதுதான் ரத்தத்தை உறிஞ்சும்! வைரஸ் வருவது அந்த எச்சிலோடு!

அது ஒரே ஆளிடம் வயிறு நிரம்பக் குடித்துவிட்டுப் போவதும் இல்லை. சின்ன அசைவுக்கே எழுந்து பறந்து, அடுத்த ஆளிடம் போய் உட்காரும். ஒரே வீட்டில் அப்பா, பிள்ளை, பாட்டி என்று வரிசையாகக் காய்ச்சலில் படுப்பது இதனால்தான். எல்லோருக்கும் ஒரே கொசு!

ஆண் கொசு என்ன சாப்பிடும்? பூவில் தேன்! பெண்ணும் தேன் குடிக்கும். ரத்தம் கேட்பது முட்டைக்காக மட்டும்!

என்ன நிறச் சட்டை போடுவது? இதற்கும் பதில் இருக்கிறது! 2022-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தார்கள். நம் மூச்சுக்காற்றின் வாடை பட்டதும் டெங்குக் கொசுவான ஏடிஸ் எஜிப்டி சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறந்தது. பச்சை, நீலம், ஊதா, வெள்ளையைக் கண்டுகொள்ளவே இல்லை! வெள்ளை வேட்டிக்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தலாம்!

நிமிர்த்தியது போதும். 2024-ல் இன்னொரு கண்டுபிடிப்பு! நம் உடம்பிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரையும் இந்தக் கொசு உணர்கிறதாம். மூச்சுக்காற்றும் மனித வாடையும் இருக்கும் இடத்தில் அந்தக் கதிரும் சேர்ந்தால் அதன் தேடல் வேகம் இரண்டு மடங்கு! வேட்டியின் நிறத்தைக் கதிர் பார்ப்பதில்லை!

வைரஸ் குடித்த கொசு உடனே பரப்பிவிடுமா? முடியாது! வயிற்றில் போன வைரஸ் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர நாள் பிடிக்கும். எத்தனை நாள் என்பதை வெயில் முடிவு செய்கிறது. 1987-ல் வெளியான ஆய்வில் 30 டிகிரியில் 12 நாள் ஆனது, 32 டிகிரியில் ஏழே நாளில் முடிந்தது! இரண்டு டிகிரி கூடியதற்கு ஐந்து நாள் லாபம், கொசுவுக்கு! அதன் பிறகு சாகும்வரை அது பரப்பிக்கொண்டே இருக்கும்!

மலைக்குப் போய்விட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சின்னக் கல்வராயன் சராசரியாகச் சுமார் 2,700 அடி உயரம். பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. ஏடிஸ் எஜிப்டி 1,000 மீட்டருக்கு மேல் அதிகம் ஏறாது என்று பழைய பாடம் சொல்லும். அந்தக் கணக்கில் சின்னக் கல்வராயன் கொசு எல்லைக்கு உள்ளே, பெரிய கல்வராயன் வெளியே!

ஆனால் கொசு பாடப் புத்தகம் படிப்பதில்லை! கொலம்பியாவில் 2,200 மீட்டர் உயரத்தில் அதைப் பிடித்திருக்கிறார்கள். 1,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் காத்மாண்டு 2022-ல் டெங்குவில் தத்தளித்தது. அந்த ஒரே ஆண்டில் நேபாளத்தில் 54,000 பேருக்கு மேல்! பெரிய கல்வராயன் எம்மாத்திரம்?

மலைக்கு இன்னொரு ஏடிஸும் உண்டு. முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்ட புலிக்கொசு! மரப்பொந்து, வெட்டிய மூங்கில் கணு, இலைக்கும் தண்டுக்கும் இடையில் தேங்கும் நீர் என்று காட்டுக்குள்ளேயே அதற்கு ஆயிரம் இடம். மரச்சிற்பத்துக்காக 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் கள்ளக்குறிச்சி. இங்கே மரத்தைக் குடைவது சிற்பிக்கு வேலை. குடைந்து கிடக்கும் மரத்தில் குடியேறுவது புலிக்கொசுவுக்கு வேலை!

புலிக்கொசு அமெரிக்காவில் எப்படிக் கால் வைத்தது? பழைய டயரில்! 1985-ல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து கப்பலேறி வந்த டயர்களில் முட்டையாக வந்து இறங்கியிருந்தது! உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வாசலில் அடுக்கி வைத்த டயர்களை இனி வேறு கண்ணால் பார்ப்பீர்கள்!

கொசுவையே தின்னும் கொசு உண்டு தெரியுமா? டாக்சோரிங்கைட்டிஸ்! சாதாரணக் கொசுவைவிடப் பல மடங்கு பெரிது, உடம்பெல்லாம் உலோகப் பளபளப்பு. இதன் புழு மற்றக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்றே வளரும். வளர்ந்த பின் ரத்தம்? ஒரு சொட்டு கிடையாது! பெண் கூடச் சைவம், பூந்தேன் மட்டும்தான்!

வியட்நாம் கிராமங்களில் வேறு வித்தை. குடிநீர்த் தொட்டியில் மீசோசைக்ளாப்ஸ் என்ற, கண்ணுக்கு மிகச் சிறிய புள்ளியாகத் தெரியும் நீர் உயிரியை விட்டார்கள். அது புதிதாகப் பொரிந்த புழுக்களைத் தின்று தீர்த்தது. பல கிராமங்களில் டெங்கு அடியோடு நின்றது! மருந்துச் செலவு மிச்சம்!

நம்ம ஊரில்? கிணற்றுக்கும் பெரிய தொட்டிக்கும் கம்பூசியா மீன்! பூர்வீகம் அமெரிக்கா, வேலை புழு தின்பது.

வீடு வீடாக டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்க்கிறார்களே, கொசு ஒழிப்புப் பணியாளர்கள், அவர்கள் ஊற்றும் அபேட் மருந்து எவ்வளவு தெரியுமா? பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரே பங்கு! குடிநீரிலேயே இந்த அளவு ஊற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட மருந்து. ‘எங்க தொட்டியில ஊத்தாதீங்க’ என்று கதவைச் சாத்தும் வீடுகளை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது!

புகை மருந்து வண்டி வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். அந்தப் புகைக்குச் சாவது பறக்கும் கொசு மட்டும்! முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான ஏடிஸ் கொசுக்கள் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். புகையோ தெருவில்!

டெங்கு ஒருமுறை வந்தால் மறுபடி வராதா? வரும், மொத்தம் நாலு முறை வரை! வைரஸில் நாலு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும் காலத்துக்கும் காப்பு. இரண்டாவதாக வேறு வகை வந்தால் ஆபத்து குறையாது, கூடும்!

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறீர்களா? விடாதீர்கள்! டெங்குவில் ஆபத்தான நேரமே அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் தணிந்த அடுத்த 24 முதல் 48 மணி நேரம்! கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் பக்கம் போகவே கூடாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவு! கள்ளக்குறிச்சிக்காரர்கள் வெகுதூரம் ஓட வேண்டியதும் இல்லை. மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 26. அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரி 12. இடைவெளி இரண்டே சொச்சம் ஆண்டு!

ரத்தத் தட்டணு எண்ணிக்கைதான் எல்லோர் வாயிலும்! ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனதும் ஊரே பப்பாளி இலை தேடுகிறது. ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் தட்டணு இல்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதுதான்! டாக்டர் கஞ்சி, இளநீர், உப்புக்கரைசல் என்று சொன்னால் சாதாரணமாக நினைக்காதீர்கள்!

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும்தான் இருக்கிறதா? ஒன்பது சரக்கு! நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்பாடகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு! குடியுங்கள், தப்பில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட அது சாக்கு ஆகாது!

பழைய ரெக்கார்டைப் புரட்டுவோமா? டெங்கு போன்ற காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது எங்கே? நம்ம மதராஸில், 1780-ல்! அமெரிக்காவின் பிலடெல்பியாவை அது உலுக்கியதும் அதே 1780! விமானம் இல்லாத காலம், கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களில் கொசு உலகம் சுற்றிய காலம்!

இந்தியாவில் டெங்கு வைரஸை முதலில் பிரித்தெடுத்தது யார் தெரியுமா? போலியோ சொட்டு மருந்து தந்த ஆல்பர்ட் சாபின்! இரண்டாம் உலகப் போர் நேரம், 1944. கொல்கத்தாவில் காய்ச்சலில் விழுந்த அமெரிக்க ராணுவ வீரர்களின் ரத்தத்திலிருந்து எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பான்காரர்கள் நாகசாகியில் உலகத்திலேயே முதலாகப் பிரித்திருந்தார்கள்!

வேலூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிடலாம். ஒரே நோயாளி, ஒரே நேரம், உடம்பில் டெங்கு வைரஸும் சிக்குன்குனியா வைரஸும்! இப்படியும் நடக்கும் என்று 1967-ல் ‘சயின்ஸ்’ இதழில் உலகுக்குச் சொன்ன ஆய்வு வேலூரில் நடந்தது!

இந்தியாவிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் எந்த மாகாணத்தில் வந்தது? சென்னை மாகாணத்தில், 1939-ல்! அதில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. உங்கள் கொல்லையில் கொசு வளர்ந்தால் நோட்டீஸ் அனுப்பும் அதிகாரத்துக்கு வயது 80-க்கு மேல்!

பனாமா கால்வாய் வெட்டப் போன பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் எறும்பு ஏறாமலிருக்க, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்கள். கிண்ணத்தில் வளர்ந்தது மஞ்சள் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி! கால் உடைந்து வந்தவன் மஞ்சள் காய்ச்சலில் செத்தான். 1880-களில் அங்கே நோய்களுக்கும் விபத்துகளுக்கும் பலியானவர்கள் சுமார் 22,000 பேர்! உங்கள் வீட்டு மளிகை அலமாரியின் காலுக்குக் கீழே ஏதும் கிண்ணம் இருக்கிறதா?

அந்தக் கொசு இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் இதுவரை வரவே இல்லை! ஆப்பிரிக்காவிலிருந்து இறங்குபவரிடம் ஏர்போர்ட்டில் ஊசி அட்டை கேட்கிறார்களே, இதற்காகத்தான்!

2017-ல் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு 23,294. அதே ஆண்டு பக்கத்து இலங்கையில்? 1,86,101! ஜனத்தொகை நம்மில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத தீவு!

சிங்கப்பூரில் பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தால் அபராதம்! அவ்வளவு கண்டிப்பான ஊர். 2020-ல் அங்கே எத்தனை டெங்கு? 35,000-க்கு மேல்! கொசு குறைந்ததால் பல பத்தாண்டுகளாகப் பலருக்கு டெங்கு வந்ததே இல்லை. அதனாலேயே எதிர்ப்புச் சக்தியும் இல்லை. சுத்தத்துக்கு இப்படி ஒரு வினோதத் தண்டனை!

கொசுவை வைத்தே கொசுவை மடக்கும் வித்தை புதுச்சேரியில் தயார்! வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உடம்பில் இருந்தால் ஏடிஸுக்குள் டெங்கு வைரஸ் வளரத் திணறும். தும்பி, பட்டாம்பூச்சி, பழ ஈ எல்லாவற்றிலும் அது இயற்கையாகவே உண்டு. ஏடிஸ் எஜிப்டியிடம்தான் இல்லை! இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அதை ஏற்றிய கொசுக்களைப் பறக்கவிட்டார்கள். டெங்கு குறைந்தது 77 சதவீதம்! புதுச்சேரி வி.சி.ஆர்.சி. ஆராய்ச்சி மையமும் 2022-ல் அப்படி இரண்டு கொசு வகைகளை உருவாக்கிவிட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரும் ஊரில்!

தடுப்பூசி? அதுவும் வந்துகொண்டிருக்கிறது! இந்தியத் தயாரிப்பான ‘டெங்கிஆல்’ ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஊசிக்குக் கை நீட்ட 10,335 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம்!

கடைசியாக, காதில் ‘ங்ங்ங்’ என்று கேட்கிறதே, அது என்ன? சிறகடிப்பு! பெண் ஏடிஸ் நொடிக்குச் சுமார் 400 தடவை அடிக்கும், ஆண் சுமார் 600. ஜோடி சேரும்போது இரண்டும் சுருதி சேர்த்துக்கொள்ளும்! பெண்ணின் மூன்றாம் சீரிசையும் (மூன்று மடங்கு) ஆணின் இரண்டாம் சீரிசையும் (இரண்டு மடங்கு) ஒரே இடத்தில் வந்து பொருந்தும் என்று 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். அந்த இடம் எது? 1,200 ஹெர்ட்ஸ்!